இறந்து 58 ஆண்டுகள் கழித்து வந்த பட்டம்

கேபபிளான்காவையே தோற்கடித்த சுல்தான் கானின் கதை

சதுரங்க ஆட்டத்தில் "கிராண்ட் மாஸ்டர்" என்று ஒரு பட்டம் உண்டு. தமிழில் "பெரும் ஆசான்" என்று சொல்லலாம். ஆனால், கிராண்ட் மாஸ்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

உலக வீரர் பட்டம் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் சொந்தம். அடுத்து வருகிறவர் அதைத் தட்டிக்கொண்டு போய்விடலாம். கிராண்ட் மாஸ்டர் பட்டம் அப்படி அல்ல. ஒரு முறை வாங்கிவிட்டால் ஆயுள் உள்ளவரை அது கூடவே இருக்கும். கிழவராகி, காய் பிடிக்கக் கை நடுங்கினாலும் அவர் கிராண்ட் மாஸ்டர்தான்.

இந்தப் பட்டத்தைச் சிறுவர்கள் வாங்கியிருக்கிறார்கள். பெரியவர்கள் வாங்கியிருக்கிறார்கள். இறந்து 58 ஆண்டுகள் கழித்து ஒருவர் வாங்கியிருக்கிறார்!

அவர் பெயர் மீர் சுல்தான் கான். 1966-ம் ஆண்டு இறந்தார். 2024-ம் ஆண்டு அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

"சுல்தான்" என்றதும் அவரை ஏதோ ஒரு நாட்டு ராஜா என்று எண்ணிவிட வேண்டாம். அது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர். அவர் ஆண்டது 64 கட்டங்களை மட்டும்தான். அதுவும் 5 ஆண்டுகளுக்குக் குறைவாக!

தகப்பனார் கற்றுக்கொடுத்த ஆட்டம்

பஞ்சாபில் மிட்டா திவானா என்று ஓர் ஊர். இப்போது அது பாகிஸ்தானில் இருக்கிறது. சுல்தான் கான் பிறந்தபோது இந்தியா பிரிக்கப்படவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அவர் பிறந்தது 1905-ம் ஆண்டு வாக்கில்.

தகப்பனார் பெயர் நிஜாம் தீன். மகனுக்கு 9 வயது ஆனபோது அவர் சதுரங்கம் கற்றுக்கொடுத்தார். பையன் பிடித்துக்கொண்டான். 21 வயதில், "பஞ்சாபில் இவரை ஜெயிக்க ஆள் இல்லை" என்று பேசும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்.

ஆனால், அவர் கற்றது நாட்டுச் சதுரங்கம். இன்று உலகம் முழுவதும் ஆடுகிறார்களே, அந்தச் சதுரங்கம் அல்ல.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

காய்கள் ஒன்றுதான். கட்டங்களும் அதே 64 கட்டங்கள்தான். ஆனால் சட்டம் வேறு.

சீமைச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் தடவை புறப்படும்போது 2 கட்டம் தாண்டலாம். நாட்டுச் சதுரங்கத்தில் ஒரு கட்டம்தான். சீமை ஆட்டத்தில் ராஜாவும் யானையும் இடம் மாறிக் "கோட்டை கட்டிக்கொள்ளும்". நாட்டு ஆட்டத்தில் அது கிடையாது. அதற்குப் பதிலாக, ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். அதுவும் எதிரி "ஷா" சொல்வதற்கு முன்னால் தாவிக்கொள்ள வேண்டும். இன்னும் சில சட்டங்கள் இடத்துக்கு இடம் மாறும்.

சிப்பாய் மெள்ள மெள்ள நகர்வதால் நாட்டு ஆட்டத்தில் ஆரம்பம் நிதானமாக இருக்கும். இரண்டு பக்கமும் சாவகாசமாகப் படையைத் திரட்டிக்கொண்டு, பிறகுதான் மோதும்.

சீமை ஆட்டத்தில் முதல் அடியிலேயே மோதல் தொடங்கிவிடும். அதனால் "ஆரம்பத்தை எப்படி ஆடுவது" என்று ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகப் புத்தகம் புத்தகமாக எழுதிவைத்திருக்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதல் 10, 12 நகர்த்தல்களை மனப்பாடமாகவே ஆடுவார்கள். அந்தப் பாடம் தெரியாதவன் ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்பே மாட்டிக்கொள்வான்.

சுல்தான் கானுக்கு அந்தப் பாடம் தெரியாது. அவர் தலையெடுத்த விதத்தைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

ஜமீன்தார் வந்தார்

சர் உமர் ஹயாத் கான் திவானா என்று ஒரு பெரிய நிலச்சுவான்தார் இருந்தார். படையில் மேஜர் ஜெனரல் பட்டம் பெற்றவர். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு மிகவும் வேண்டியவர். (பின்னாளில் பஞ்சாபின் பிரதம மந்திரியாக இருந்த கிஸர் ஹயாத் கான் இவருடைய மகன்தான்.)

இந்தப் பிரபுவுக்குச் சதுரங்கத்தில் அளவில்லாத பிரியம். சுல்தான் கானின் திறமையைக் கேள்விப்பட்டு, அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். சீமைச் சட்டப்படி ஆடக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

1928-ம் ஆண்டு அகில இந்தியப் போட்டி நடந்தது. சுல்தான் கான் 9 ஆட்டம் ஆடினார். 8 ஆட்டத்தில் வெற்றி. ஒன்று சமம். தோல்வியே இல்லை!

அடுத்த ஆண்டு, லண்டனில் இருந்த இந்தியா மந்திரியின் ஆலோசனை சபைக்கு சர் உமர் உறுப்பினர் ஆனார். லண்டன் போகும்போது சுல்தான் கானையும் கூட அழைத்துக்கொண்டு போனார். 1929-ம் ஆண்டு வசந்த காலத்தில் சுல்தான் கான் லண்டனில் இருந்தார்.

பிரபுவின் வீட்டில் சுல்தான் கானுக்கு என்ன இடம்? இதில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

"அவர் ஒரு வேலைக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்றே அக்கால ஆங்கிலேயர்கள் எழுதினார்கள். சில புத்தகங்கள் "அடிமை" என்றுகூட எழுதிவிட்டன. அவருடைய பேத்தி இதை மறுத்து எழுதியிருக்கிறார். தங்கள் குடும்பம் நிலபுலன் உள்ள, மதிப்பான குடும்பம் என்றும், தாத்தா யாருக்கும் வேலைக்காரர் அல்ல என்றும் அவர் சொல்கிறார்.

இந்தச் சண்டையில் நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம். சுல்தான் கான் சீமைக்குப் போனது பிரபு போனதால். திரும்பி வந்ததும் பிரபு திரும்பியதால். நடுவில் அவர் செய்ததுதான் அவருடையது.

முதலில் கிடைத்தது கடைசி இடம்!

லண்டனில் அவருடைய ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு சிறு போட்டி வைத்தார்கள். சுல்தான் கான் கடைசி இடத்தில் நின்றார்!

பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். "இந்தியாவில் இவர் வீரர், இங்கே செல்லாது" என்று நினைத்திருப்பார்கள். அதில் தப்பும் இல்லை. ஆரம்ப ஆட்டத்தில் அவர் அவ்வளவு பின்தங்கியிருந்தார்.

வின்ட்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் அவருக்குப் பயிற்சி கொடுக்க வந்தார்கள். அவர்களும் போட்டியில் ஆடுகிறவர்கள்தான். அதாவது, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே நாளைக்கு அவருக்கு எதிரே உட்காரப் போகிறவர்கள்!

சில மாதங்கள் போயின. அதே ஆண்டு கோடைக் காலம். ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி நடந்தது.

தலைப்பாகை கட்டிய இந்தியர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசமாட்டார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஜெயிக்கிறாரா, தோற்கிறாரா என்று பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டி முடிந்தது. பிரிட்டிஷ் சாம்பியன்: சுல்தான் கான்!

இந்தியாவை ஆண்டுகொண்டிருந்த நாட்டின் சதுரங்கப் பட்டம், ஆளப்பட்ட நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் போய்விட்டது. அதுவும் அவர் வந்து இறங்கிய அதே ஆண்டில்!

ஆரம்பத்தில் எதிரி அவரை மடக்கப் பார்ப்பான். அவர் எப்படியோ சமாளித்து நிற்பார். நடு ஆட்டம் வந்துவிட்டால் பழைய பஞ்சாப் வீரர் வெளியே வருவார். காய்கள் குறைந்து, ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தில் அவர் பிடி இரும்புப் பிடி.

அந்த ஆண்டு நவம்பர் மாதம் பிரபுவோடு இந்தியாவுக்குத் திரும்பினார். 1930-ம் ஆண்டு மே மாதம் மறுபடியும் ஐரோப்பா.

கேபபிளான்கா வீழ்ந்தார்

கியூபா நாட்டைச் சேர்ந்தவர் ஜோஸ் கேபபிளான்கா. 1921 முதல் 1927 வரை உலக வீரராக இருந்தவர். 1916 முதல் 1924 வரை, 8 ஆண்டுகள், போட்டிகளில் ஓர் ஆட்டத்தில்கூட அவர் தோற்கவில்லை. "சதுரங்க இயந்திரம்" என்று அவரைச் சொல்வார்கள்.

இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரிய போட்டி நடக்கும். 1930-ம் ஆண்டு முடிந்து 1931 பிறக்கும் சமயத்தில் நடந்த போட்டியில் கேபபிளான்கா ஆடினார். சுல்தான் கானும் ஆடினார்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய்.

ஆட்டத்தின் நடுவில் கேபபிளான்காவின் யானைகள் இரண்டும் வெள்ளைக் கோட்டைக்குள் பாய்ந்தன. ராஜாவுக்கு "செக்"! மறுபடியும் "செக்"!

சுல்தான் கான் பதறவில்லை. தம்முடைய ராணியைக் கொடுத்தார். பதிலுக்கு இரண்டு யானைகளையும் வாங்கிக்கொண்டார்.

சதுரங்கத்தில் ராணிக்கு 9 மதிப்பு என்றும், யானைக்கு 5 மதிப்பு என்றும் கணக்குச் சொல்வார்கள். இரண்டு யானைகள் சேர்ந்தால் 10. ஆகவே, கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் சாதாரண ஆட்டக்காரன் ராணியை வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்படுவான். ராணி எட்டுத் திசையும் பாயும். யானை நேர்க்கோட்டில்தான் போகும்.

சுல்தான் கான் அந்த ராணிக்குப் பாய இடமே வைக்கவில்லை! சிப்பாய்களை வேலி போல நிறுத்தினார். யானைகளைச் சேர்த்துவைத்தார். தம் ராஜாவை நடுப்பலகையிலேயே பத்திரமாக உட்காரவைத்தார். கேபபிளான்காவின் ராணி இங்கும் அங்கும் அலைந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

வேலி கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. 65-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. கேபபிளான்கா தோற்றார்!

இதை ஏதோ கண் தவறி நேர்ந்த தோல்வி என்று சொல்ல முடியாது. கேபபிளான்காவுக்கு எது பலமோ, அந்த நிதான ஆட்டத்திலேயே அவரை சுல்தான் கான் நசுக்கினார். என்னைக் கேட்டால், அவர் ஆடிய ஆட்டங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அந்தப் போட்டியில் ஹாலந்தைச் சேர்ந்த யூவ் முதல் இடம். கேபபிளான்கா இரண்டாம் இடம். சுல்தான் கான் மூன்றாம் இடம். பின்னாளில் கேபபிளான்கா இவரைப் பற்றி எழுதும்போது, இவ்வளவு இடைஞ்சல்களுக்கு நடுவே ஒருவர் சாம்பியன் ஆனார் என்றால் அவர் பிறவி மேதைதான் என்ற கருத்தைச் சொன்னார்.

இங்கிலாந்தின் முதல் பலகை

உலக நாடுகள் கலந்துகொள்ளும் பெரிய போட்டிக்கு ஒலிம்பியாட் என்று பெயர். ஒவ்வொரு நாட்டின் சிறந்த ஆட்டக்காரரும் "முதல் பலகை"யில் உட்காருவார். 1930-ல் ஹாம்பர்க், 1931-ல் பிரேக், 1933-ல் போக்ஸ்டன். இந்த மூன்று ஒலிம்பியாட்களிலும் இங்கிலாந்தின் முதல் பலகையில் உட்கார்ந்தவர் சுல்தான் கான்தான்!

அதே காலத்தில் இங்கே காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் சிறையில் இருந்தார்கள். அங்கே ஓர் இந்தியர் இங்கிலாந்தின் மானத்தைச் சதுரங்கப் பலகையில் காப்பாற்றிக்கொண்டிருந்தார். சரித்திரம் சில சமயம் இப்படி விளையாட்டுக் காட்டும்.

ஹாம்பர்க்கில் சில நாட்டார், "யார் இந்தப் புதிய ஆள்?" என்று அவர் பலத்தைச் சரியாக மதிப்பிடவில்லை. தங்கள் இரண்டாவது, மூன்றாவது ஆட்டக்காரரை அவருக்கு எதிரே உட்காரவைத்தார்கள். அவர் 9 வெற்றி பெற்றார்.

பிரேக்கில் அந்த விளையாட்டு நடக்கவில்லை. எல்லாரும் பெரிய புலிகளையே நிறுத்தினார்கள். சுல்தான் கான் 17 ஆட்டம் ஆடினார். 8 வெற்றி, 7 சமம், 2 தோல்வி. அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் போலந்தின் ரூபின்ஸ்டைன். இன்னொருவர் செக் நாட்டு இளஞ்சிங்கம் புளோர். பிரேக் நகரம் புளோரின் சொந்தக் களம்! அப்போதைய உலக வீரர் அலேகின் அவரோடு சமன் செய்தார்.

அதே 1931-ல், ஜனவரி மாதம், டார்ட்டகோவர் என்ற பெரிய வீரரோடு 12 ஆட்டம் கொண்ட தனிப் போட்டி. 6½ - 5½ என்ற கணக்கில் சுல்தான் கான் வென்றார்.

இந்த மூன்று பெயர்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரூபின்ஸ்டைன், புளோர், டார்ட்டகோவர். பின்னால் தேவைப்படும்.

பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் 1932-ல் மறுபடியும் கிடைத்தது. 1933-ல் மூன்றாம் முறை. 4 தடவை முயன்று 3 தடவை வென்றார்.

கழுத்தில் கட்டுடன் ஆட்டம்

வெற்றியைப் படிக்கும்போது, "ஆகா, எவ்வளவு சுகமாக இருந்திருப்பார்!" என்று தோன்றும். அவர் சுகமாக இல்லை.

பஞ்சாபின் வெயிலில் வளர்ந்த உடம்பு அது. இங்கிலாந்தின் குளிரும் ஈரமும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடிக்கடி ஜலதோஷம். தொண்டை நோவு. மலேரியாக் காய்ச்சல் வேறு விட்டுவிட்டு வந்தது. கழுத்தைச் சுற்றித் துணிக்கட்டோடு வந்து உட்கார்ந்து ஆடிய நாட்கள் உண்டு.

ஆங்கிலம் அவருக்குப் பழக்கமான பாஷை அல்ல. வந்த புதிதில் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது.

1933-ம் ஆண்டு போக்ஸ்டன் ஒலிம்பியாடுக்கு வந்த அமெரிக்க வீரர்களை சர் உமர் தம் லண்டன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். போனவர்களில் ரூபன் பைன் என்ற 18 வயது இளைஞரும் ஒருவர். அவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். அந்த விருந்தைப் பற்றி அவர் எழுதிவைத்திருக்கிறார். மேஜையில் எல்லாரும் உட்கார்ந்தார்களாம். பரிமாற வந்தவரைப் பார்த்து விருந்தினர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டதாம். சுல்தான் கான்!

போட்டியில் எழுந்து நின்று கை குலுக்க வேண்டிய மனிதர், விருந்தில் தங்கள் தட்டில் உணவு வைக்கிறார். விருந்தினர்களுக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது என்று பைன் எழுதினார்.

விருந்தினருக்கு வீட்டார் பரிமாறுவது நம் பக்கத்து மரியாதை. அதை வெள்ளைக்காரர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். பரிமாறியவரையும் அதே பந்தியில் உட்காரவைத்திருந்தால் அந்தச் சந்தேகமே வந்திருக்காது.

அதே வீட்டில் இன்னொரு சாம்பியன்!

சர் உமர் வீட்டில் பாத்திமா என்ற பெண் வேலை பார்த்துவந்தார். அவரும் அங்கே சதுரங்கம் கற்றுக்கொண்டார். 1933-ம் ஆண்டு ஹேஸ்டிங்ஸில் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் போட்டி நடந்தது. பாத்திமா ஆடினார். வென்றார்!

அதே ஊரில், அதே சமயத்தில்தான் சுல்தான் கானுக்கும் மூன்றாம் பட்டம் கிடைத்தது. ஆண்கள் பட்டம், பெண்கள் பட்டம் இரண்டும் ஒரே இந்திய வீட்டுக்குப் போயின!

பாத்திமாவின் கதையை யாராவது தனியாக எழுத வேண்டும். சுல்தான் கானைவிடவும் குறைவாகவே அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

ஊர் திரும்பினார்

1933-ம் ஆண்டு கடைசியில் சர் உமர் இந்தியாவுக்குத் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. உலகத்தின் முதல் 10 ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று அவரைக் கணித்தவர்கள் இருந்தார்கள்.

வருத்தத்தோடு வந்தாரா? இல்லை. ஜெயிலிலிருந்து விடுதலையான மாதிரி அவர் சந்தோஷப்பட்டார் என்று பல ஆண்டுகள் கழித்து பாத்திமா சொன்னார்.

1935-ம் ஆண்டு காடில்கர் என்ற இந்திய வீரரோடு 10 ஆட்டம் ஆடினார். 9 வெற்றி, ஒன்று சமம். கை மழுங்கவில்லை! ஆனால் அதன் பிறகு பெரிய போட்டி எதிலும் அவர் பெயரைக் காணோம்.

ஐரோப்பாவுக்குப் போய் ஆட வேண்டும் என்றால் கப்பல் செலவு, தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு. அதை யார் கொடுப்பார்கள்? சதுரங்கம் ஆடிச் சம்பளம் வாங்கும் வழி அப்போது இந்தியாவில் இல்லை. 1944-ல் சர் உமரும் காலமானார். 1947-ல் நாடு இரண்டாகப் பிரிந்தது. சுல்தான் கானின் ஊர் பாகிஸ்தானுக்குப் போயிற்று.

அவர் சர்கோதா பக்கத்தில் தம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார். பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கவில்லை! "உங்கள் வாழ்க்கைக்கு உபயோகமான வேறு காரியம் எதையாவது செய்யுங்கள்" என்ற மாதிரி சொல்லிவிட்டாராம். மூத்த மகன் பிற்காலத்தில் இதைத் தெரிவித்தார்.

27 பேர் பட்டியல்

இப்போது கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கு வருவோம்.

அந்தச் சொல் பழைய சொல். 1914-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி 5 வீரர்களுக்கு இந்தப் பட்டத்தைச் சூட்டினார் என்று ஒரு கதை உண்டு. ஆராய்ச்சி செய்தவர்கள் அதை நம்புவதில்லை. யாராவது நன்றாக ஆடினால் பத்திரிகைகள் "கிராண்ட் மாஸ்டர்" என்று எழுதும். அவ்வளவுதான். முறை என்று ஒன்றும் இல்லை.

1950-ம் ஆண்டுதான் உலகச் சதுரங்கச் சம்மேளனம் இதை முறையான பட்டமாக ஆக்கியது. முதல் பட்டியலில் 27 பேர். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களோடு, முன் காலத்தில் சாதித்த பழைய வீரர்களையும் சேர்த்துக் கௌரவித்தார்கள்.

அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

ரூபின்ஸ்டைன் இருக்கிறார். புளோர் இருக்கிறார். டார்ட்டகோவர் இருக்கிறார். சுல்தான் கானிடம் தோற்ற மூவருக்கும் பட்டம் உண்டு! விருந்து சாப்பிட்ட ரூபன் பைனுக்கும் உண்டு.

சுல்தான் கானின் பெயர் இல்லை.

அப்போது அவர் உயிரோடு இருந்தார். வயது 45.

"அவர் ஆடுவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதே" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானம் செல்லாது. ரூபின்ஸ்டைன் மனநோயால் 1932-லேயே போட்டிகளிலிருந்து ஒதுங்கிவிட்டவர். செக் நாட்டு டூராஸ் 1914-ம் ஆண்டோடு பெரிய போட்டிகளை விட்டவர். 36 ஆண்டுகள்! இருவருக்கும் பட்டம் கொடுத்தார்கள். கொடுத்தது சரிதான், அவர்கள் தகுதி உடையவர்கள். அதே தராசில் சுல்தான் கானையும் நிறுத்தியிருக்க வேண்டும் அல்லவா?

ஐரோப்பாவில் இருந்தவர்களை ஞாபகம் வைத்திருந்தார்கள். சர்கோதாவில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மறந்துவிட்டார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

1961-ம் ஆண்டு தமிழரான மானுவேல் ஆரோன் "சர்வதேச மாஸ்டர்" பட்டம் பெற்றார். கிராண்ட் மாஸ்டருக்கு அடுத்த படி அது. இந்தியாவில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் வீரர் அவர்தான். அன்றும் சுல்தான் கான் உயிரோடுதான் இருந்தார். ஒரு பட்டமும் இல்லாமல்!

1966-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, சர்கோதாவில், காசநோயால் அவர் காலமானார்.

பிறகு

பட்டம் வாங்கும் முறை போகப் போகக் கறாராக ஆகிவிட்டது. இப்போது, குறிப்பிட்ட தரம் உள்ள போட்டிகளில் நல்ல புள்ளிகள் எடுத்து, சாதாரணமாக மூன்று முறை "நார்ம்" என்ற தகுதியைப் பெற வேண்டும். தரப் புள்ளியும் 2,500-ஐத் தொட வேண்டும்.

1988-ம் ஆண்டு விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். சுல்தான் கான் லண்டனை விட்டுப் புறப்பட்டு அதற்குள் 55 ஆண்டுகள் ஓடிவிட்டன. அதன் பிறகு அணை உடைந்தது போல ஆயிற்று. இந்தியாவில் கிராண்ட் மாஸ்டர்களின் எண்ணிக்கை 80-ஐத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளே பட்டத்தோடு திரிகிறார்கள். 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், 18 வயதில், உலக வீரராகவே ஆகிவிட்டார்.

பாகிஸ்தானில் மட்டும் ஒரு கிராண்ட் மாஸ்டர்கூட இல்லை.

2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 2-ந் தேதி. உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் தலைவர் ஆர்க்காடி துவோர்கோவிச் பாகிஸ்தானுக்குப் போயிருந்தார். அப்போதைய பாகிஸ்தான் பிரதம மந்திரி அன்வாருல் ஹக் காக்கரைச் சந்தித்தார். சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கப்படுவதாக அறிவித்து, அதை அவரிடம் கொடுத்தார்.

பாகிஸ்தானின் முதல் கிராண்ட் மாஸ்டர் என்று சுல்தான் கானின் பெயர் பதிவாயிற்று.